சாந்தாமணியின் பெயரைப் பலகையில் எழுதியது பற்றி மச்சானுக்கு

கணபதி,
கோயமுத்தூர் - 6.
25.8.2025, திங்கட்கிழமை

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் கதிரேசன் அவர்களுக்கு,

கணபதியிலிருந்து ஐயாசாமி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மூன்று வாரமாக என் கையாலேயே ரசம் வைத்துச் சாப்பிட்டும் நலம் என்பதால் இதை முழு நலம் என்றே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது என்றும், தடியில்லாமலே சமையலறை வரை நடந்து போய் உங்கள் தங்கை வைத்த குழம்பில் குறை சொல்லிவிட்டுத் திரும்புகிறார் என்றும் கேள்விப்பட்டேன். மிகவும் சந்தோஷம். சத்தியமங்கலத்தில் மழை உண்டா? இங்கே தினமும் மூடிக்கொண்டு வருகிறது, பெய்வதில்லை.

இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடாமல் உங்கள் விதைக்கடை விலாசத்துக்குப் போட்டிருப்பதைத் தப்பாக நினைக்கக் கூடாது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் மாடு மேய்ப்பவருக்கும் நான் சொல்வது கேட்கும். வாட்ஸப்பில் அனுப்பலாமென்றால், உங்களுக்கு வரும் செய்திகளையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு உங்களுக்குப் படித்துச் சொல்வதே இப்போது சாந்தாமணிதான் என்று நீங்களே சொன்னீர்கள். எனவே தபால். இதைக் கடையில் வைத்தே படிக்கவும். படித்துவிட்டு, வியாழக்கிழமை அவள் ஊருக்குக் கிளம்புவதற்குள், ஒரு விஷயத்தை அவள் காதில் பக்குவமாகப் போட்டுவைக்க வேண்டும். விஷயம் இதுதான். உங்கள் தங்கை சாந்தாமணி நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு எங்கள் வீதியின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டாள். போட்டியின்றி. அவளுக்கே தெரியாமல். காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ரிட்டையர் ஆன பிறகு வீதியில் நாலைந்து பேருக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். அதோடு, எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, தினமும் காலையில் ஒரு வாக்கியம் எழுதி, கீழே அதற்குத் தமிழில் விளக்கமும் எழுதி வைக்கிறேன். பால் வாங்கப் போகிறவர், பட்டறைக்குப் போகிறவர், எல்லோரும் நின்று படித்துவிட்டுப் போவார்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு சொல். பத்துச் சொல்லை மேலோட்டமாகப் படிப்பதைவிட ஒரு சொல்லை முழுசாகப் படித்தால் அது நம் வீட்டு மனுஷர் மாதிரி ஆகிவிடும் என்பது என் எண்ணம். ஆகஸ்ட் மாதத்துக்கு 'ரன்' என்ற சொல்லை எடுத்தேன். இங்கிலீஷில் மூன்றே எழுத்து. ஆனால் பெரிய அகராதியில் அதற்கு நூற்றுக்கணக்கில் பொருள் கொடுத்திருக்கிறார்கள். பையன் ரன் ஆனால் அது ஓட்டம். குழாய் ரன் ஆனால் அது 'ஃப்ளோ', தண்ணீர் வருகிறது. பட்டறையை ஒருவர் ரன் பண்ணினால் அது 'மேனேஜ்', நடத்துகிறார். சத்தி ரோடு இங்கிருந்து அன்னூர் வழியாக ரன் ஆகிறது என்றால் ரோடு எங்கேயும் போகவில்லை, நீண்டு கிடக்கிறது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், நம்முடைய 'ஓடு' பாதித் தூரம் அதன் கூடவே கைகோத்துக்கொண்டு வருகிறது. நமக்கும் வண்டி ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, வருஷம் ஓடுகிறது. அப்புறம் ஓரிடத்தில் கையை விட்டுவிடுகிறது. மூக்கு அவர்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். சேலைச் சாயம் அவர்களுக்கு ஓடும், நமக்குப் போகும். காய்ச்சல் அவர்களுக்கு ஓடும், நமக்கு அடிக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு முறை, கல்யாணத்தில் சீர் வைக்கிற மாதிரி.

என் தொந்தரவெல்லாம் எடுத்துக்காட்டில்தான். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் நான் புத்தகத்திலிருந்து ஓர் உதாரணம் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஜானும் மேரியும் என்ன செய்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன? தெரிந்த ஆளைப் பற்றிச் சொன்னால்தான் மனசில் ஒட்டும். எனக்குக் கைக்குச் சுலபமாகக் கிடைத்த தெரிந்த ஆள் சாந்தாமணி. சாந்தாமணி செருப்பைத் தொலைத்துவிட்டாள். சாந்தாமணி ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். சாந்தாமணி பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள். இப்படி அவளை வைத்தே எல்லாக் காலங்களையும் நடத்தி முடித்தேன். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். ஆனால் பாருங்கள், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஊர் முழுக்க இருக்கிறார்கள். உக்கடம் வண்டியில் கண்டக்டராக இருப்பவன் போன வருஷம் டிக்கெட் கொடுத்துவிட்டு, டீச்சரம்மா, அந்தச் செருப்புக் கிடைச்சுதுங்களா என்று கேட்டான். ஒரு கல்யாணத்தில் பெரிய டாக்டர் ஒருவர் இவளைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டு, பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரம்மாவிடம், ரசத்துக்கு உப்புப் போடாதவங்க இவங்கதான் என்று அறிமுகப்படுத்தினார். சாந்தாமணி சிரித்துக்கொண்டுதான் நின்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதனால் இந்த மாதம் ஐந்தாம் தேதி கணபதி ஸ்டாப்பில் சத்தி வண்டி ஏறும்போது, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஏனுங்க, நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் போர்டுல எம் பேரு வரப்படாது. வந்துச்சுன்னு தெரிஞ்சுதுன்னா அண்ணன் ஊட்டுலயே இருந்துக்குவேன், சொல்லிப்போட்டேன்." நான் கையடித்துச் சத்தியம் பண்ணினேன். கண்டக்டர் விசில் அடித்தார். நான் பண்ணிய சத்தியத்துக்கு அவர்தான் சாட்சி.

இரண்டு வாரம் சத்தியத்தைக் காப்பாற்றினேன் மச்சான். சாந்தாமணி இல்லாததால் வீதியில் இருக்கும் மற்றவர்களை உதாரணமாக்க வேண்டி வந்தது. அப்போதுதான் அவள் இத்தனை வருஷம் எதைச் சுமந்தாள் என்று எனக்குப் புரிந்தது. நிலோஃபர் என்று ஒரு பெண், எங்கள் சங்கத் தலைவர் ஜபருல்லா பாயின் மருமகள், என் வகுப்பில் கெட்டிக்காரி. நிலோஃபருக்கு மூக்கு ஓடுகிறது என்று ஒரு நாள் எழுதினேன். எதிர்வீட்டில் மாவு அரைத்து விற்கும் பாவாத்தாள் அதைப் படித்துவிட்டுச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கசாயம் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்விட்டது. எனக்கு ஒண்ணுமில்லைங்க என்று சொல்லப் பெரியவங்களிடம் அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. மூன்று நாள், காலையும் மாலையும், டம்ளர் காலியாகும் வரை பாவாத்தாள் நகரவில்லை. நாலாம் நாள் நிலோஃபர் என்னிடம் வந்து, சார், எனக்குச் சரியாப்போச்சுன்னு போர்டுல எழுதிப்போடறீங்களா என்று கெஞ்சினாள்.

அடுத்தது ஹரிதா, அவளும் என் வகுப்புதான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, எங்கள் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். ஹரிதாவுக்குக் காய்ச்சல் ஓடுகிறது என்று எழுதியதை அந்த வழியாக வந்த அவளுடைய மேனேஜர் படித்துவிட்டு, இப்படி உடம்பை வைத்துக்கொண்டு எதற்கு ஆபீஸ் வந்தாய் என்று அன்போடு கடிந்து திருப்பி அனுப்பிவிட்டார். ஹரிதா மட்டும் எனக்கு நன்றி சொன்னாள். அப்புறம் மூலையில் சேலைக்கடை வைத்திருக்கும் அக்பர் அலி. இந்த முறை நான் உஷாராக, 'அக்பர் அலி கடைச் சேலையில் சாயம் ஓடாது' என்று நல்லதாகவே எழுதினேன். அன்று மத்தியானம் அக்பர் அலி வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீங்க. ஆனா ஓடாதுன்னு நீங்க எழுதுனதுக்கு அப்பறந்தானுங்க எல்லாரும் ஓடுமான்னு கேக்கறாங்க" என்றார். அன்று வீதியில் ஆறு வீட்டு வாசலில் பக்கெட்டில் சேலை ஊறிக்கொண்டிருந்தது. நல்லவேளை, ஒன்றிலும் சாயம் போகவில்லை. மனுஷர் நல்ல சரக்குத்தான் விற்கிறார்.

இப்போது பத்தொன்பதாம் தேதிக்கு வருகிறேன். அன்றைக்கு நான் எடுத்த பொருள், தேர்தலில் போட்டியிடுவது. இது ஓர் அருமையான பொருள். தேர்தல் என்றால் அமெரிக்காக்காரர் ஓடுவார். இங்கிலாந்துக்காரரும் நாமும் நிற்போம். ஒரே வேலையை ஒருவர் ஓடிச் செய்கிறார், ஒருவர் நின்று செய்கிறார். இதற்கு ஓர் ஆள் வேண்டும். யாரை எழுதினாலும் ஏதோ ஒரு சேதம் வருகிறதே என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யோசித்தேன். நடக்கக்கூடியதை எழுதுவதால்தானே ஜனங்கள் நம்புகிறார்கள், உலகத்தில் நடக்கவே நடக்காத ஒன்றை எழுதிவிட்டால் யாருக்கும் சேதமில்லையே என்று தோன்றியது. சங்கத் தேர்தல் அந்த வார ஞாயிற்றுக்கிழமை. அதில் நிற்கவே நிற்காத ஆள் யார்? ஊரிலேயே இல்லாத ஆள். மேடை என்றால் ஒதுங்கி நிற்கிற ஆள். 'சாந்தாமணி சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார்' என்று எழுதிவிட்டேன். சத்தியம் பண்ணியது ஞாபகம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள்தான் சத்தியில் இருக்கிறாளே, சாயங்காலம் அழித்துவிட்டால் போச்சு என்று இருந்துவிட்டேன்.

இங்கே எங்கள் சங்கத் தேர்தல் முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஜபருல்லா பாய் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷர், பதினொரு வருஷமாகத் தலைவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூட்டம் போட்டு, வேற யாராச்சும் நிக்கறீங்களா என்று அவரே கேட்பார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்ப்போம். ஒரு மனுஷன் குத்துக்கல்லாட்டம் எதிரே இருக்கும்போது நான் நிக்கறேன் என்று சொன்னால், நீ செஞ்சது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகாதா? அப்புறம் யாராவது ஒருவர் நீங்களே இருங்க பாய் என்பார், கை தட்டுவோம், போண்டா சாப்பிடுவோம். அவருக்கு அதில் விருப்பமா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொன்னால் வீதியே பாரம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவரும் சொன்னதில்லை. தலைவர் வேலை என்றால் வேறொன்றுமில்லை, போர்வெல் தண்ணீர் டேங்க்கின் வால்வைத் திருப்புவது. ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. அதிகாலை நாலரைக்கு எழுந்து அதைக் கொண்டுபோய் எந்த வீட்டு வரிசைக்கு முதலில் தண்ணீர் என்று திருப்ப வேண்டும். திருப்பியபின் மற்ற வரிசைக்காரர்கள் வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்பார்கள். அந்த மரியாதைக்குப் பயந்தே அவருக்குப் பாதி முடி நரைத்தது.

காலை எட்டு மணிக்குள் அக்பர் அலி பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். "பரவால்லீங்க சார், நீங்களே எழுதிப்போட்டீங்க, ரொம்பச் சந்தோசம்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அது உதாரணம்தான் என்று நான் சொல்வதற்குள் கடை திறக்கப் போய்விட்டார். பத்து மணிக்கு ஜபருல்லா பாயே வந்தார், தோளில் அந்த வால்வுக் கம்பியோடு. பாய், மன்னிக்கோணும், அது வெறும் வாக்கியம், உங்களை எதிர்த்து என் வீட்டில் யாரும் நிற்கமாட்டார்கள் என்று சொல்லி, ரன் என்ற சொல்லுக்கு உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி விளக்கினேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "நீங்க பெரிய மனசோட பேசறீங்க சார். நான் ஒண்ணும் மனசுல வெக்கலீங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பியைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, சின்னப் பையன் மாதிரி கையை வீசிக்கொண்டு போனார்.

இது வேறு திசையில் போகிறதே என்று பயந்து, மத்தியானமே அந்த வாக்கியத்தை ஈரத்துணியால் அழித்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. கையில் மாவோடு பாவாத்தாள் எதிர்வீட்டிலிருந்து இறங்கி வந்தது. அதோடு இன்னும் மூன்று பேர். "ஏனுங்க வாத்தியாரே, ஆம்பளைங்க பேரு இருந்தா நாளெல்லாம் இருக்கும், அம்மணி பேரு வந்தா மத்தியானமே அழிச்சுப்போடுவீங்களா? பொண்டாட்டி தலைவராகறது உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது" என்று கேட்டது. எனக்குப் பிடிக்காமல் என்ன, அவள் நிற்கவே இல்லையே என்றேன். அதற்கு நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான் ஏதோ வாய் கூசாமல் பேசிவிட்ட மாதிரி ஒரு பார்வை. பெண்களுக்கு எதிரி என்ற பெயர் ரிட்டையர் ஆன பிறகா எனக்கு வர வேண்டும்? சாக்பீஸை எடுத்து, அதே வாக்கியத்தை முன்னைவிடப் பெரிய எழுத்தில் திரும்ப எழுதிவிட்டேன். பாவாத்தாள் பக்கத்தில் நின்று, எழுத்து கோணலாகப் போகாமல் பார்த்துக்கொண்டது.

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ஹரிதாவைத் தனியாக நிறுத்தி, சாந்தாமணி பேரை எப்படியாவது எடுத்துவிடு கண்ணு என்றேன். அம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பேரை எடுக்க முடியும் சார் என்று சட்டம் பேசினாள். எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் சாந்தாமணிக்கு விஷயம் தெரிய வேண்டும். தெரிந்தால் அவள் அண்ணன் வீட்டிலேயே இருந்துகொள்வாள். அதோடு என் வாயை நான் மூடிக்கொண்டேன்.

நேற்றுக் கூட்டத்திலாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றேன். மைக்கைக் கொடுத்தார்கள். எடுத்த எடுப்பில் சொன்னால் புரியாது என்பதால் சொல்லின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். அமெரிக்காக்காரர் ஓடுவதும் நாம் நிற்பதும் வரை வந்தபோது போண்டா வந்துவிட்டது. ஜபருல்லா பாய் ஒரு சால்வையை, அம்மா சார்பில் சார் வாங்கிக்கோணும் என்று என் தோளில் போட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மைக் எப்போது என் கையைவிட்டுப் போனது என்று எனக்கே தெரியாது.

ஆனால் மச்சான், அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுசாகாது. சால்வை போட்ட பிறகு ஒவ்வொருவராக எழுந்து சாந்தாமணியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். பாவாத்தாளுக்கு மாரடைப்பு வந்த அன்று ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தது சாந்தாமணி. நம்ம வீதிச் சாக்கடைக்கு மூடி போடும் வரை கார்ப்பரேஷன் ஆபீஸ் பெஞ்சில் போய் மூன்று நாள் உட்கார்ந்தது சாந்தாமணி. நிலோஃபரைக் கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்கு அனுப்பச் சொல்லி ஜபருல்லா பாயிடம் பேசியது சாந்தாமணி. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரியாமல் இல்லை. அவள் அந்தந்த நாள் சாயங்காலம் வந்து சொல்வாள், நான் பேப்பர் திருத்திக்கொண்டே கேட்பேன். ஆனால் முப்பத்து மூன்று வருஷத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நான் சொன்ன சாந்தாமணி செருப்பைத் தொலைத்தவள், உப்பை மறந்தவள், பஸ்ஸை விட்டவள். அவள் செய்த எதையாவது ஒரு தடவையாவது பலகையில் எழுதியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். அவளைப் பற்றி நான் எழுதிய ஒரே நல்ல வாக்கியம் இந்தப் பத்தொன்பதாம் தேதி வாக்கியம்தான். அதுவும் பொய்.

இன்று காலை நாலரை மணிக்கு நானே கம்பியை எடுத்துக்கொண்டு போய் வால்வைத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியாமல் முதல் வரிசைக்கே ஐந்து மணி நேரம் தண்ணீர் போய்விட்டது. மூன்றாம் வரிசைக்காரர்கள் வந்து, முதல் நாள்தானுங்களே சார், பரவால்லீங்க என்றார்கள். எட்டு மணிக்குள் தெருவிளக்கு, குப்பை வண்டி, இரண்டு நாய் என்று ஒரு பக்கம் புகார் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளதைச் சொன்னால், அவள் மட்டும் மனசு வைத்தால் இந்த வேலையை எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் செய்வாள். மனசு வைக்க வேண்டுமே.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புதன்கிழமை இரவு அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, வெறும் வயிற்றில் வேண்டாம், கணபதியில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பொதுவாக ஆரம்பியுங்கள். அப்புறம் ஜபருல்லா பாயின் வயசைப் பற்றிச் சொல்லுங்கள். அப்புறம் பெண்கள் பொது வேலைக்கு வருவது பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், அப்படிக் கருத்து இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்லுங்கள். கடைசியாக விஷயத்தைச் சொல்லிவிட்டு, பலகை என்ற வார்த்தை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் வரமாட்டேன் என்றால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். நானே சத்திக்கு வந்து வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்காவுக்கு முழங்கால் சீக்கிரம் முழுசாகக் குணமாகி, அவர் மாடிப்படி ஏறி உங்களைத் திட்டும் நாள் விரைவில் வர வேண்டும். உங்கள் கடையில் விதை எல்லாம் முளைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஐயாசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் ஹரிதா சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தாள், அம்மா சார்பில் நேற்றைய கூட்டத்துக்கு என் கையெழுத்து வேண்டுமாம். புரட்டினால் உள்ளே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'வருகிற தேர்தலில் நான் தலைவர் பொறுப்புக்கு நிற்கிறேன்' என்று சாந்தாமணியின் கையெழுத்தில். முன்மொழிந்தவர் பாவாத்தாள். வழிமொழிந்தவர் ஜபருல்லா. தேதி ஆகஸ்ட் மூன்று. அவள் சத்தி வண்டி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் பலகையில் எழுதுவதற்குப் பதினாறு நாள் முன்னால். அவளே ஜபருல்லா பாய் வீட்டுக்குப் போய், உங்களுக்குச் சலிச்சுப்போச்சு, நீங்களாச் சொல்லமாட்டீங்க, அதனால நான் நிக்கறேன் என்று சொன்னாளாம். அவர் அவ்விடத்திலேயே பேனா தேடினாராம். வீதியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஹரிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சொன்னா நீங்க பாய் ஊட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுப்போடுவீங்க, இல்லீன்னா போர்டுல எழுதிப்போடுவீங்கன்னு அம்மா சொன்னாங்க சார்." இரண்டையும் ஒரே நாளில் செய்திருக்கிறேன் மச்சான். பிறகு, நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கே ஹரிதா போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாளாம். அம்மா என்ன சொன்னாங்க என்றேன். "இன்னைக்குத்தான் எம்பட பேருல உருப்படியா ஒண்ணு எழுதீருக்கறாருன்னாங்க சார்" என்றாள்.

எனவே மச்சான், மேலே சொன்ன எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். எட்டுப் பக்கம் எழுதியதை வீணாக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். வியாழக்கிழமை அவளை வண்டி ஏற்றிவிட்டால் போதும். நீங்களும் இந்த மூன்று வாரமாக எல்லாம் தெரிந்துகொண்டேதான் என்னோடு போனில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்களா என்பதை மட்டும் ஒரு தபால் கார்டில் எழுதவும். கார்டு வராவிட்டால், ஆமாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.